மேகம் முழுக்கத் தண்ணீர்தானே, ஏன் கீழே விழுவதில்லை?

விழுகிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

"நீராவி லேசானது, அதனால் மிதக்கிறது" என்று பல வருடம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நீராவி காற்றைவிட லேசுதான், ஆனால் அது கண்ணுக்கே தெரியாது. கொதிக்கிற கெட்டிலின் மூக்கைக் கவனியுங்கள் (கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள், வெந்துவிடும்). மூக்கை ஒட்டி ஒரு விரற்கடைக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். நீராவி இருப்பது அங்கேதான். அதற்கு அப்பால் வெள்ளையாகக் கிளம்புவது, ஆவி குளிர்ந்து துளியானது. மேகமும் அந்த வெள்ளைதான்.

சரி, துளி என்றால் கனக்குமே? 1 கிலோமீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஒரு பஞ்சுப்பொதி மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும். அதே இடத்தில் உள்ள காற்றோ ஏறக்குறைய 10 லட்சம் டன். அந்தத் தண்ணீரும் 0.02 மில்லிமீட்டர் பொடித் துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. இவ்வளவு பொடிசு நொடிக்கு 1 சென்டிமீட்டர்தான் இறங்கும். 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். மேகத்துக்குள் மேலே ஏறும் காற்றோ நொடிக்கு 1 மீட்டர், சில சமயம் அதற்கும் மேல். துளி எங்கே இறங்குவது?

அந்தக் காற்று ஏன் ஏறுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வெயிலில் தரை சுட்டு, அதை ஒட்டிய காற்று கிளம்புகிறது. மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது. விரிந்தால் குளிரும், கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி. ஒரு உயரத்தில் ஆவி துளியாகத் தொடங்கும். மேகத்தின் அடி வெட்டினாற்போல் தட்டையாக இருப்பது அதனால்தான். ஆவி துளியாகும்போது கிராமுக்கு 600 கலோரி அளவுக்கு வெப்பத்தை விடுகிறது. அந்தச் சூடு காற்றை இன்னும் மேலே தள்ளும். அந்தத் தட்டை அடியைத் தாண்டி நழுவும் துளி உடனே ஆவியாகிவிடுவதால், விழுந்தது யார் கண்ணிலும் படாது.

ஒருமுறை மல்லாந்து படுத்து ஒரு குட்டி மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் நகர்ந்து போகவில்லை. ஓரம் ஓரமாகக் கரைந்து, கால் மணி நேரத்தில் காணோம்.

அப்புறம் மழை? கிட்டத்தட்ட 10 லட்சம் பொடித் துளிகள் சேர்ந்தால் 2 மில்லிமீட்டரில் ஒரு மழைத்துளி. அது நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் இறங்கும், சாதாரணக் காற்றால் தாங்க முடியாது. அதிலும் சில மழை, வழியில் வறண்ட காற்று இருந்தால் பாதியிலேயே ஆவியாகிவிடும். மேகத்துக்கடியில் சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தொங்கி, தரையைத் தொடாமல் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.