முதலில் சோதனை, பிறகுதான் பாணை நிறுத்துவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சீலியாக் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய். அதைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் நடிகைகளையும் விளையாட்டு வீரர்களையும் சுட்டிக் கேட்டவை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி (காத்தான்குடி): குளூட்டனை விட்டபின் உடம்பு மெலிந்து முகம் பளபளப்பாகிவிட்டது என்று ஒரு நடிகை பேசிய வீடியோ பார்த்தேன். நானும் ஒரு மாதமாகப் பாண், பராட்டா தொடவில்லை. வயிறு ஊதுவது குறைந்துவிட்டது. அப்படியென்றால் எனக்குச் சீலியாக் நோய்தானே?

பதில்: இதை ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டும். கோதுமையை நிறுத்தியதும் இரத்தத்தில் நோயைக் காட்டும் பிறபொருளெதிரிகள் இறங்கத் தொடங்கும், சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் சடைமுளைகளும் ஆறத் தொடங்கும். இப்போது சோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். வைத்தியரிடம் பேசி, நாளுக்கு இரண்டு துண்டுப் பாண் அளவில் ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற இரத்தச் சோதனை செய்யுங்கள். அதே நேரத்தில் மொத்த ஐ.ஜி.ஏ. (ஒரு வகைப் பிறபொருளெதிரி) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ. இயல்பிலேயே குறைவு, அவர்களுக்கு முதற்சோதனை பொய்யாக நல்ல விடை தரும். ஊதல் குறைந்தது எதற்கும் சான்றல்ல. கோதுமையில் உள்ள பிரக்டன் என்ற மாச்சத்து குடலில் புளித்து வாயுவாகும். வெங்காயமும் உள்ளியும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

கேள்வி (அம்பாறை): என் மகனுக்கு 14 வயது, பாடசாலை அணியில் வேகப்பந்து வீசுகிறான். டென்னிஸ் வீரர் ஜோகோவிச் கோதுமையை விட்ட பிறகுதான் உலக முதல்வர் ஆனாராம். மகனுக்கும் நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்னதை முழுதாகப் படியுங்கள். 2010 இல் ஒருவர் அவர் வயிற்றோடு பாண் துண்டைப் பிடிக்கச் சொல்லி, நீட்டிய மறு கையை அழுத்திப் பார்த்து, கை தளர்கிறது, கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். ஜோகோவிச்சே எழுதியிருப்பது இது. கை தளர்வதை வைத்து எந்தக் குடல் நோயையும் அறிய முடியாது. அவர் கோதுமையை விட்டார், 2011 இல் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றை வென்றார். அதே காலத்தில் அவர் பயிற்சியும் நித்திரையும் மற்ற உணவும் எப்படி இருந்தன என்பதை ஒருவரும் கேட்பதில்லை, பாணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

பிரபலங்கள் பேசவே கூடாது என்பதல்ல என் வாதம். அமெரிக்க நடிகை ஜெனிபர் எஸ்போசிட்டோ பல ஆண்டுகள் தவறான நோய்ப் பெயர்களோடு அலைந்து, 2009 இல்தான் தனக்குச் சீலியாக் என்று அறிந்தார். களைப்பு, எலும்புக் கோளாறு, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு குடல் நோய் இருக்கலாம் என்று அவர் சொன்னது பலரைச் சோதனைக்கு அனுப்பும் பேச்சு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எலிசபெத் ஹாசல்பெக்கும் உண்மையான நோயாளிதான். ஆனால் அதே 2009 இல் வெளிவந்த, குளூட்டனற்ற உணவு பற்றிய அவருடைய நூலோடு எடை குறையும், உற்சாகம் கூடும் என்ற விளம்பரமும் சேர்ந்து வந்தது. அதனால் நட்டப்பட்டது நோயாளிகள். ஒரு துண்டுப் பாணில் சுமார் இரண்டு கிராம் குளூட்டன் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 50 மில்லிகிராம், நாள்தோறும் மூன்று மாதம் உள்ளே போனாலே நோயாளியின் குடல் சேதமாகும். அப்படிப்பட்டவர் சாப்பாட்டுக் கடையில் “கோதுமை படக்கூடாது” என்றால், இதுவும் மெலிவதற்கான நாகரிகம் என்று நினைத்து, கொத்து போட்ட அதே கல்லில் அவருக்கு முட்டை பொரித்துக் கொடுக்கிறார்கள். என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான்.

உங்கள் மகன் உயரமும் எடையும் வயதுக்கேற்றபடி கூடுகிறதா என்று பாருங்கள். கூடாவிட்டால், அல்லது அடிக்கடி வயிற்றோட்டம், வாய்ப்புண், இரத்தச்சோகை இருந்தால் சோதனைக்குக் கொண்டுபோங்கள். அதுவரை பாண் சாப்பிடட்டும்.

கேள்வி (கல்முனை): இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன், ஹீமோகுளோபின் ஏறவில்லை. கனடாவில் இருக்கும் தங்கைக்குச் சீலியாக் என்று கண்டிருக்கிறார்கள். எனக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை.

பதில்: இந்த வாரமே சோதியுங்கள். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. வயிறு பேசாமல் இரத்தம் மட்டும் குறைவதும் இந்த நோயின் வழக்கம்தான். சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (ஏறாவூர்): நோய் உறுதியாகிவிட்டது. கடையில் சிவப்பு இடியப்பம் வாங்கலாம்தானே?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு அரிசி மாவோடு கோதுமை மா கலந்து பிழிவது சாதாரணம். பிட்டு, தோசை, அப்பம் மூன்றிலும் இதே கலப்பு உண்டு. வீட்டில் செய்தாலும் பழைய இடியப்பத் தட்டும் நீத்துப்பெட்டியும் உதவாது. பின்னலுக்குள் போன மா கழுவினால் போகாது, புதிதாக வாங்குங்கள். அரிதட்டும் தனியாக இருக்கட்டும். பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். சோயா சோஸ், ஹோர்லிக்ஸ், நெஸ்டமோல்ட் மூன்றையும் விடுங்கள். சோயா மீட் பக்கெட்டில் கோதுமை என்ற சொல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள், போன மாதம் படித்தது இந்த மாதத்துக்குச் செல்லாது.

கேள்வி (களுவாஞ்சிகுடி): குரக்கனும் அரிசியும் மில்லில் கொடுத்து அரைக்கிறோம். அப்படியும் மகளுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை.

பதில்: குரக்கனில் குளூட்டன் இல்லை, மில்லில் இருக்கிறது. உங்களுக்கு முன் யாரோ சத்துமாவுக்குக் கோதுமை அரைத்திருப்பார். அது கல்லிலும் மா விழும் துணிப்பையிலும் தங்கும். ஒரு கிலோ அரிசியை ஓடவிட்டு ஒதுக்கினாலும் துணிப்பை சுத்தமாகாது. அரிசியை மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் கையில் ஒட்டாத பதத்தில் வீட்டு மிக்சியில் அரையுங்கள். அரித்து வறுத்து, ஆறியபின் மூடி வையுங்கள். இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் வைத்தியரிடம் திரும்பப் போங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): திருப்பலியில் வாங்கும் அப்பத் துண்டு அவ்வளவு சிறியது. அதுவுமா?

பதில்: அதுவும்தான். முற்றாகக் கோதுமையற்ற அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, ஆனால் குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்தை ஏற்கிறது. அது கிடைக்காவிட்டால் திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம். குருவானவர் அப்பத் துண்டு போடும் கிண்ணத்திலிருந்து அல்லாமல் வேறு கிண்ணத்தில் தரும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று, ஆசிரியை): மே 16 சர்வதேச சீலியாக் தினத்துக்குப் பாடசாலையில் பதாகை வைக்கிறோம். எந்த நட்சத்திரத்தின் படம் நல்லது?

பதில்: யாருடைய படமும் இல்லாமலே வைக்கலாம். வளராத பிள்ளை, ஏறாத இரத்தம், நிற்காத வயிற்றோட்டம், முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே “சோதிக்கும் முன் கோதுமையை நிறுத்த வேண்டாம்” என்று எழுதுங்கள். படம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் எஸ்போசிட்டோவைப் போடுங்கள், ஜோகோவிச்சை அல்ல.

கேள்வி (வாழைச்சேனை): நோய் உள்ளவர் வட்டிலப்பம் சாப்பிடலாமா? மஸ்கட்?

பதில்: முட்டை, தேங்காய்ப் பால், கருப்பட்டி மட்டும் என்றால் வட்டிலப்பம் சாப்பிடலாம். மஸ்கட் கோதுமை மாவில் செய்வது, கூடாது. இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டினால் வட்டிலப்பமும் கூடாது.