நீலம் நின்றது, சிவப்பு ஓடியது ஏன்?

கேள்வி: சேர், நோன்பு திறக்கக் காய்ச்சிய கடற்பாசியில் ஒரு கோப்பை மிஞ்சியது. உறைந்த பிறகு அதில் விழுந்த ஒரு சொட்டுச் சிவப்புக் கலர், விடியும்போது சுற்றிவரப் பரவியிருந்தது. ஆனால் மகனின் வெள்ளைச் சேர்ட்டுக்குப் போட்ட கஞ்சியில் தூவிய நீலம் புள்ளி புள்ளியாய் அப்படியே நின்றுவிட்டது. கஞ்சியைவிடக் கடற்பாசிதானே இறுக்கம்?
– வாசகி, மூதூர்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றிரவே நானும் கண்ணாடிக் கோப்பையில் கடற்பாசி ஊற்றி, நடுவில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டுச் சிவப்பு விட்டேன். காலையில் அடிமட்டம் வைத்துப் பார்த்தால் அரை சென்ரிமீற்றர் அளவுக்கு ஓடியிருந்தது. ஓரம் மங்கிய இளஞ்சிவப்பு.

திரவத்திலுள்ள சிறு துணிக்கையை மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருக்கும். அந்த இடியில்தான் அது நகர்கிறது. 1905 இல் ஐன்ஸ்டைன் இதற்குக் கணக்குப் போட்டார்: பிசுக்குமை, அதாவது திரவத்தின் தடிப்பு, கூடினாலும் துணிக்கை பெருத்தாலும் பரவல் குறையும். சரி, அந்தக் கணக்கை உறைந்த கடற்பாசிக்கு அப்படியே போட்டால் சிவப்பு அசையவே கூடாது. அசைந்ததே!

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாரை அகப்படும், கடல்நீர் தன்பாட்டில் போய்விடும். எல்லாம் வலைக்கண்ணின் அளவில் இருக்கிறது. கடற்பாசியின் பெரும்பங்கு நீர். அதற்குள் பல்பகுதியச் சங்கிலிகள், அதாவது சிறு அலகுகள் கோத்த நீண்ட மூலக்கூறுகள், பின்னிய வலை. கண் ஏறக்குறைய 100 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு), சாய மூலக்கூறோ 1 நனோமீற்றர்தான். கண்ணுக்குள் இருப்பது சாதாரண நீர் என்பதால் சாயம் அதில் தாராளமாக ஓடும்.

நீலத்தூளின் மணி சாயத்தைவிட ஆயிரம் மடங்கு பெரிது. கஞ்சியின் மாப்பொருள் சங்கிலிகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளித்தான் அது நகர வேண்டும். உண்மையில், அசையாத தெளிந்த நீரிலேயே அது தானாக ஒரு சென்ரிமீற்றர் பரவ ஏறக்குறைய 3 வருடம் பிடிக்கும். வாளித் தண்ணீரில் நீலம் உடனே பரவுவது உங்கள் கை கலக்குவதால். கஞ்சியின் தடிப்பு அந்தச் சுழிகளையும் அடக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நடுத்தரத் துணிக்கை, அதாவது வலைக்கண்ணின் அளவே உள்ளது. கயிற்று வலை போலல்லாமல் கரைசலிலுள்ள சங்கிலிகள் ஓயாமல் நெளியும். துணிக்கை ஒரு கண்ணுக்குள் அடைபட்டுத் துடித்துக்கொண்டிருக்கும். சங்கிலி சற்று விலகியதும் அடுத்த கண்ணுக்குத் தாவும். அப்புறம் மறுபடி காத்திருப்பு. நம் மூக்குச் சளியும் இப்படி ஒரு வலைதான். மருந்துத் துணிக்கைகளை அதனூடாக அனுப்ப, அளவைக் குறைத்தால் மட்டும் போதாது. ஒட்டாமலும் இருக்க வேண்டும். அதற்காக அவற்றுக்குப் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற, சளியில் ஒட்டாத பொருளைப் பூசுகிறார்கள்.

இனி நீலத்தைக் கஞ்சியில் நேரே தூவாதீர்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் கலக்கி, மெல்லிய சீலைத்துண்டில் வடித்து, கஞ்சி இளஞ்சூட்டில் தண்ணியாக இருக்கும்போதே ஊற்றிக் கையால் நன்றாகக் கலந்துவிடுங்கள்.