688-ஆ, 691-ஆ?

கேள்வி: ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் மார்ட்டின் புரோடர் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை இணையத்தில் ஓரிடத்தில் 688 என்றும் இன்னோரிடத்தில் 691 என்றும் இருக்கிறது. எது சரி? இத்தகைய வாழ்க்கைக் குறிப்புகளைச் சாதாரண வாசகர் எப்படித் திருத்துவது?

பதில்: இரண்டுமே சரியான எண்கள்தாம், எதை எண்ணினோம் என்று எழுதாமல் விட்டதே பிழை. நியூ ஜெர்சி டெவில்ஸ் அணிக்காக லீக் ஆட்டங்களில் 688 வெற்றிகளைப் பெற்ற புரோடர், 2014 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியில் சேர்ந்து, 7 ஆட்டங்களில் மட்டும் களமிறங்கி, மேலும் 3 வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த மாதமே ஓய்வை அறிவித்தார். ஆகவே என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்) லீக் ஆட்டங்களில் மொத்தம் 691. எதிரணிக்குக் கோலே விடாமல் முடித்த ஆட்டங்களும் அவ்வாறே டெவில்ஸுக்கு 124, புளூஸுக்கு 1. லீக் ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளில் அவர் பெற்ற 113 வெற்றிகள் தனிக் கணக்கு. அவற்றை 691-உடன் கூட்டக் கூடாது. அவரே அடித்த கோல்கள் 2 என்று சில இடங்களிலும் 3 என்று சில இடங்களிலும் காணப்படுவதற்கும் இதுவே காரணம்: மூன்றில் ஒன்று 1997-ஆம் ஆண்டு பிளே-ஆஃபில் அடித்தது.

சராசரிகளை நீங்களே சரிபார்க்கலாம். விட்ட கோல்களை 60-ஆல் (ஓர் ஆட்டத்தின் நிமிடங்கள்) பெருக்கி, களத்தில் நின்ற நிமிடங்களால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கான கோல் சராசரி கிடைக்கும். ஆனால் ஆட்ட முடிவில் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்ட பின் காலி வலையில் விழும் கோல் அவர் கணக்கில் சேராது என்பதால், ஸ்கோரை மட்டும் வைத்துக் கூட்டுகிறவருடைய விடை தவறிப்போகும்.

எண்களைவிட நான் அதிகம் அஞ்சுவது 'முதல்' என்ற சொல்லுக்குத்தான். முகமூடி அணிந்த முதல் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் என்று பலரும் எழுதுகிறார்கள். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் பக் (ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டு) முகத்தில் பட்டுக் கிழிந்த காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு அவர் முகமூடியுடன் திரும்பி வந்தது உண்மை. ஆயினும் 1930-லேயே கிளின்ட் பெனடிக்ட் என்.எச்.எல். ஆட்டத்தில் சிறிது காலம் முகமூடி அணிந்திருந்தார். பிளான்ட் அதை விடாமல் அணிந்து வழக்கமாக்கினார் என்று எழுதுவதே அவருக்கும் பெனடிக்டுக்கும் நியாயமாகும்.

விக்கிப்பீடியாவில் திருத்துவதானால், அச்சிலோ இணையத்திலோ வெளியான நம்பகமான ஆதாரத்தை அந்த வாக்கியத்தை ஒட்டியே காட்டுங்கள். ஆட்டத்தை நேரில் பார்த்தேன் என்பது அங்கே ஆதாரமாகாது. வேறொருவர் உங்கள் திருத்தத்தை நீக்கினால், மீண்டும் மீண்டும் மாற்றாமல், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். புரோடரைப் பொறுத்தவரை இந்த ஒரு வாக்கியம் போதும்: "என்.எச்.எல். லீக் ஆட்டங்களில் 691 வெற்றிகள் (டெவில்ஸ் 688, புளூஸ் 3). பிளே-ஆஃப் வெற்றிகள் இதில் அடங்கா."