கர்ப்பகால சுகரும் பரம்பரையும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். நான் ஜெனடிக் கவுன்சலர், அதாவது பரம்பரையா வர்ற நோய் பத்தி ஆலோசனை சொல்றவ, டாக்டர் இல்ல. இன்சுலின் எத்தன யூனிட், மாத்திரைய நிறுத்தலாமான்னு கேட்டா பதில் வராது, அது உங்க டாக்டர் வேலை. இன்னொண்ணு, எச்சில் அனுப்பினா உங்க சுகர் ரிஸ்க் சொல்றோம்னு விக்கிற கிட்டுக்கு காசு கொடுக்காதீங்க. சரி, ஆரம்பிங்க.

சேலம், 5ம் மாசம்: எங்க அம்மாவுக்கு 40 வயசுலயே சுகர் வந்துடுச்சு. எனக்கும் கண்டிப்பா வருமா மேடம்?

கண்டிப்பால்லாம் இல்லம்மா, சான்ஸ் கூட, அவ்ளோதான். நஞ்சுக்கொடி விடற ஹார்மோனால கர்ப்பத்துல எல்லாருக்குமே இன்சுலின் சரியா வேலை செய்யாது, கணையம் ஓவர்டைம் பாத்து கூடுதலா சுரந்து சமாளிச்சுடும், அந்த ஓவர்டைம் பாக்க முடியாதவங்களுக்குதான் சுகர் ஏறுது. ஜீனோட பங்கு பெரும்பாலும் இங்கதான். 2006ல ஐஸ்லாந்துல கண்டுபிடிச்ச டிசிஎஃப்7எல்2, அப்புறம் எம்டிஎன்ஆர்1பி, சிடிகேஏஎல்1னு பேர் வச்ச ஜீன்கள் எல்லாமே இன்சுலின் சுரக்கறது சம்பந்தப்பட்டதுதான். 2012ல கொரியா பெண்கள்கிட்ட பாத்தப்ப கடைசி ரெண்டும் முன்னால வந்துச்சு, 2024ல பின்லாந்துல கர்ப்பகால சுகர் வந்த 12,332 பேர வச்சு பாத்ததுல டிஎன்ஏல சம்பந்தப்பட்ட 13 இடம் சிக்குச்சு. ஒவ்வொண்ணும் லேசா ஒரு தள்ளு தள்ளும், எதுவும் தனியா சுகர கொண்டு வராது. வயசு, எடை, பிசிஓடி, போன பிரசவத்துல வந்துச்சாங்கறது எல்லாம் கூட சேரணும். முதல் செக்கப்லயே ஒரு தடவ பாருங்க, நார்மல்னா 24 - 28 வாரத்துல மறுபடி.

பேர் வேண்டாம்: எங்க அப்பாவுக்கு சுகர், எனக்கு வருமா?

மேல இருக்கு.

ஐடி மாப்ள: மனைவிக்கு கிட் வாங்கி பாத்தாச்சு, டிசிஎஃப்7எல்2 "ஹை ரிஸ்க்"னு இருக்கு. என்ன பண்ணணும்?

ஒண்ணும் பண்ண வேண்டாம். அந்த மாறுபாடு கோடிக்கணக்கான பேர்கிட்ட இருக்கு, அவங்கள்ல நிறைய பேருக்கு சுகரே வராது. குளுக்கோஸ் தண்ணி குடிச்சு பாக்கற டெஸ்ட் அதவிட எத்தனயோ மடங்கு சீப், அதுதான் இன்னிக்கு நிலவரத்த சொல்லும்.

கும்பகோணம், முதல் குழந்தை: வயசு 24, எடை 48 கிலோ. 9 வாரத்துலயே ஃபாஸ்டிங் 112, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி) 6.1. சாப்பிட்ட பிறகு 138தான். ஸ்வீட்டே தொடறதில்ல. எங்க அப்பாவுக்கும் 20 வருஷமா "பார்டர்"னு சொல்றாங்க, மாத்திரையே போட்டதில்ல, ஏறவும் இல்ல. வீட்ல எல்லாரும் நான் திருட்டுத்தனமா சாப்பிடறேன்னு நினைக்கிறாங்க.

இந்த மாதிரி ஒரு கேள்விக்குதான் காத்துட்டிருந்தேன். ஒல்லி, சின்ன வயசு, ஃபாஸ்டிங் மட்டும் லேசா கூட, சாப்பிட்டா பெருசா ஏறல, அப்பாவுக்கும் அதே கதை. இதுல ஜிசிகே மோடி இருக்கலாம் (அரசியல் இல்லங்க, நோய் பேரே அதுதான், ஒரே ஒரு ஜீன் பழுதால வர்ற சுகர்). ஜிசிகேன்னா குளுக்கோகைனேஸ்னு ஒரு என்சைம், ரத்தத்துல சர்க்கரை எவ்ளோ இருக்குன்னு கணையத்துக்கு காட்டிக்கொடுக்கறது அதுதான். அதோட ஜீன் நம்மகிட்ட ரெண்டு காப்பி இருக்கும், அதுல ஒண்ணு பழுதானா கணையம் நூறுக்கு மேல போனாதான் முழிச்சுக்கும், மத்தபடி ஒழுங்கா வேலை செய்யும். பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான் இருக்கும், பெருசா மோசமாகாது, கர்ப்பம் இல்லாதப்ப பொதுவா மருந்தே தேவைப்படாது. நிறைய பேருக்கு கர்ப்பத்துலதான் தெரிய வரும், அப்பதானே ஊர்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கறாங்க. அயர்லாந்துல பாத்தப்ப கர்ப்பகால சுகர் வந்தவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர் வாக்குல இது இருந்துச்சு.

இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ நீட்டறேன்னா, இங்கதான் ஜீன் தெரிஞ்சா வைத்தியமே மாறுது. குழந்தைக்கு அந்த பழுது போக பாதிக்கு பாதி வாய்ப்பு. போகலைன்னா உங்க சர்க்கரைய பாத்து குழந்தை எக்கச்சக்கமா இன்சுலின் சுரந்து பெருசாயிடும். போயிருந்தா குழந்தைக்கும் உங்க அளவுதான் நார்மல், அது பாட்டுக்கு சரியா வளரும், அங்க போய் இன்சுலின் போட்டு உங்க சுகர இறக்கினா குழந்தை வளராம சின்னதா போயிடலாம். 1998லயே இங்கிலாந்துல பாத்தாங்க, பழுது வந்த குழந்தைங்க அரை கிலோவுக்கு மேல எடை குறைவு. அதனாலதான் இதுல க்ரோத் ஸ்கேன்ல குழந்தையோட வயித்து சுத்தளவ பாத்து பாத்து முடிவெடுப்பாங்க. உங்க டாக்டர்கிட்ட "ஜிசிகே மோடி"ங்கற வார்த்தையவே சொல்லி, ஜிசிகே ஜீன முழுசா படிக்கற ரத்த டெஸ்ட் வேணுமான்னு கேளுங்க. எச்சில் கிட் இத முழுசா படிக்காது. நான் சொன்னேன்னு மருந்த நிறுத்திடாதீங்க. வீட்ல சொல்லுங்க, திருட்டு ஸ்வீட் சாப்பிட்டா சாப்பிட்ட பிறகு பாக்கற நம்பர்தான் மொதல்ல எகிறும்.

புதுசா அப்பா ஆகப்போறவன்: எங்க பக்கம் யாருக்கும் சுகர் இல்ல மேடம், அவங்க பக்கம்தான். குழந்தைக்கு வராம இருக்க என்ன செய்யலாம்?

"யாருக்கும் இல்ல"ன்னா டெஸ்ட் எடுத்து இல்லையா, எடுக்காததால இல்லையா? மொதல்ல உங்க அப்பாவ லேப்க்கு கூட்டிட்டு போங்க.

திண்டுக்கல் அக்கா: நல்லா கேட்டீங்க. என் மாமியாரும் இதேதான் சொன்னாங்க, அப்புறம் பாத்தா மாமனாருக்கு 280.

பயாலஜி வாத்தியார்: ஒரு விஷயம் விட்டுட்டீங்க மேடம். நம்ம ஊர்ல மாமன் மகள், அக்கா மகள்னு சொந்தத்துல கட்டறதாலதான் இவ்ளோ சுகர். அத சொல்ல ஏன் தயங்கறீங்க?

தயக்கம் இல்ல சார், அது சரியில்ல. சொந்தத்துல கட்டினா கூடறது ரெண்டு காப்பியும் பழுதானாதான் வர்ற நோய், தலசீமியா, பிறவியிலயே காது கேக்காதது மாதிரி. மோடிக்கு ஒரு காப்பியே போதும், யார கட்டினாலும் பாதிக்கு பாதிதான்.

பயாலஜி வாத்தியார்: சாதாரண சுகர்? ரெண்டு பக்கமும் ஒரே சுகர் குடும்பம்னா லோடு கூடாதா?

கூடும். ஆனா அசல்ல கட்டினாலும் ரெண்டு குடும்பத்துலயும் சுகர் இருந்தா அதே லோடுதானே.

திண்டுக்கல் அக்கா: நான் அத்தை பையனதான் கட்டினேன், சுகரும் இல்ல ஒண்ணும் இல்ல.

பயாலஜி வாத்தியார்: ஒரு ஆள வச்சு பேசக்கூடாது.

அப்ப ஆயிரக்கணக்கான பேர வச்சு பேசுவோம். தமிழ்நாட்டுல டாக்டர் சேஷய்யா குழு 2008ல வெளியிட்டது: கர்ப்பகால சுகர் நகரத்துல 17.8 சதவீதம், சின்ன ஊர்கள்ல 13.8, கிராமத்துல 9.9. சொந்தத்துல கட்டறது கிராமத்துல குறைச்சலா? ஜீன் அதேதான் சார், அரிசியும் உக்காந்த வேலையும் எடையும் வயசும்தான் மாறுது.

பயாலஜி வாத்தியார்: கிராமத்துல டெஸ்டே கம்மி.

அந்த சர்வேல கிராமத்துக்கு போய்தான் டெஸ்ட் எடுத்தாங்க சார். இத இதோட விடுங்க, கேள்வி வரிசைல நிக்குது.

மறுபடி பேர் வேண்டாம்: பாட்டிக்கு சுகர், எனக்கு வருமா?

மேல. மேல. மேல.

நாகர்கோவில்: எனக்கு வந்துச்சு, டெலிவரிக்கு அப்புறம் போயிடுச்சு. பொண்ணுக்கு ஜீன்ல போயிருக்குமா?

கொஞ்சம் போயிருக்கலாம், ஆனா ஜீன் மட்டும் கணக்கில்ல. அமெரிக்கால அரிசோனா பக்கம் பிமா பழங்குடி மக்கள்கிட்ட ஒரே அம்மாவோட குழந்தைங்கள ஒப்பிட்டாங்க, அம்மாவுக்கு சுகர் வர்றதுக்கு முன்னாடி பிறந்தவங்கள விட வந்த பிறகு பிறந்தவங்களுக்கு அதிகமா சுகர் வந்துச்சு. ஒரே அப்பா அம்மா, வித்தியாசம் கர்ப்பப்பைக்குள்ள இருந்த சர்க்கரைல. அதனால அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே உங்க நம்பர பாத்துக்கங்க. "போயிடுச்சு"ன்னு யார் சொன்னா, டெலிவரி ஆகி 6 வாரத்துக்கு மேல குளுக்கோஸ் குடிச்சு டெஸ்ட் எடுத்தீங்களா? இல்லன்னா எடுங்க. கர்ப்பத்துல வந்தவங்களுக்கு பிற்காலத்துல சுகர் வர்ற ரிஸ்க் மத்தவங்கள விட 7லேர்ந்து 10 மடங்கு. வருஷா வருஷம் பாருங்க.

ஈரோடு: இன்சுலின் போட்டா குழந்தைக்கு பழகிடுமா?

பழகாது, இன்சுலின் நஞ்சுக்கொடிய தாண்டி போறதில்ல. மிச்சம் டாக்டர்கிட்ட. டெலிவரிக்கு அப்புறம் 6 வார டெஸ்ட், மறக்காதீங்க.

இப்பதான் வந்தேன்: அம்மாவுக்கு சுகர், எச்சில் கிட் வாங்கலாமா?

வேண்டாம்.

விழுப்புரம்: நாளைக்கு டெஸ்ட். காலைல இட்லி சாப்பிட்டு போலாமா கூடாதா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ரெண்டு முறை இருக்கு, அதான் குழப்பம். நம்ம அரசு ஆஸ்பத்திரில பண்றது, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லன்னு 75 கிராம் குளுக்கோஸ் குடுத்து 2 மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவ பாக்கறது, 140 தொட்டா சுகர். இன்னொண்ணு வெறும் வயித்துல, மூணு தடவ ரத்தம், 92, 180, 153னு மூணுல ஒண்ணு தொட்டாலும் சுகர். லேபுக்கு ஃபோன் போட்டு எதுன்னு கேளுங்க. ஃபோன் எடுக்கலைன்னா சாப்பிடாம போங்க, இட்லிய டப்பால எடுத்துக்கங்க.