மாறிலி மாறினால் தெரியுமா?

வணக்கம் ஐயா. என் மகள் தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். மாறிலிகளின் (ஒளியின் வேகம்போல, என்றும் மாறாது என்று வைத்துக்கொள்ளும் எண்கள்) பட்டியலைப் பார்த்துவிட்டு, “ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்பும் இதே எண்தானா, யார் அளந்தார்கள்?” என்றாள். ஒளியின் வேகமே மெல்ல மாறிவந்தால் நமக்குத் தெரியுமா?

- ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகள் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார். பிரபஞ்சத்துக்கு வயதாக ஆக ஈர்ப்பு மாறிலி குறைகிறது என்று 1937-லேயே இயற்பியலாளர் டிராக் ஊகித்தார். (நிலவில் வைத்த கண்ணாடிகளில் லேசரைப் பாய்ச்சி அளந்து பார்த்தார்கள், அவர் சொன்ன அளவுக்குக் குறையவில்லை.)

ஒளியின் வேகத்தில்தான் ஒரு சிக்கல். 1983-லிருந்து மீட்டரையே ஒளியை வைத்து வரையறுக்கிறோம், அதனால் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்ற எண் என்ன ஆனாலும் நகராது. தேக்கா சந்தையில் மீன் விலை ஏறினால், மீனுக்குக் கிராக்கியா, சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு இறங்கிவிட்டதா என்று விலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்டால் வெள்ளி நடுவில் வராது. அப்படி அலகே இல்லாத எண்ணைப் பிடிக்க வேண்டும். மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலி அப்படி ஒன்று, ஏறக்குறைய 137-ல் ஒரு பங்கு.

சரி, யார் அளந்தது? ஒரு பாறை. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தை 1972-ல் பிரான்சில் சோதித்தபோது, அணு உலையில் எரிபொருளாகும் வகையான யுரேனியம்-235 இருக்க வேண்டிய 0.720 விழுக்காட்டுக்குப் பதில் 0.717தான் இருந்தது. துளி வித்தியாசம்தான், ஆனால் துருவிப் பார்த்தால், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாதுவும் நிலத்தடி நீரும் சேர்ந்து, மனிதனே இல்லாத காலத்தில், தானாகவே அணு உலையாக ஓடியிருக்கின்றன! அதன் மிச்சத்தில் சமேரியம்-149 என்ற அணுவகை மிகக் குறைவு, நியூட்ரான்களை விழுங்கி வேறொன்றாக மாறிவிட்டது. அப்படி விழுங்க நியூட்ரானின் ஆற்றல் அச்சாகப் பொருந்த வேண்டும். நுண்கட்டமைப்பு மாறிலி கொஞ்சம் பிசகியிருந்தாலும் பொருத்தம் கெட்டு சமேரியம் மிஞ்சியிருக்கும். இதை வைத்து 1996-ல் இயற்பியலாளர்கள் டாமோரும் டைசனும் கணக்குப் போட்டார்கள்: மாறியிருந்தாலும் கோடியில் ஓரிரு பங்குக்கு மேல் இல்லை.

மகள் கேட்ட ஆயிரம் கோடிக்குப் பாறை போதாது, குவேசார்கள் என்னும், வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்பொருள்களின் பழைய ஒளி வேண்டும். அதில் பார்த்தால் அந்த மாறிலியில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் தெரிகிறது என்று 1999-லிருந்து வானியற்பியலாளர் ஜான் வெப் குழுவினர் சொன்னார்கள். வேறு தொலைநோக்கியில் பார்த்த மற்றவர்களுக்கு அது தெரியவில்லை. அளவீட்டுப் பிழையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம், ஆனாலும் தேடுவதை யாரும் விடவில்லை, விடவும் கூடாது.

தேர்வில் மட்டும் பட்டியலில் இருக்கும் எண்ணையே போடச் சொல்லுங்கள்.