ஃபோர்க்லிஃப்ட் எழுத்துத் தேர்வு: மனப்பாடம் வேண்டாம், எடையைப் பாருங்கள்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் ஹெல்பராக வேலை பார்க்கிறேன். வயது 22. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். ஆலையில் சரக்கைத் தூக்கி அடுக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று ஓடுகிறது. ஆபரேட்டர் அண்ணன் சாப்பிடப் போகும் நேரத்தில் கொஞ்சம் ஓட்டிப் பழகியிருக்கிறேன். அடுத்த மாதம் திருச்சியில் ஆபரேட்டர் பயிற்சிக்குச் சேரப் போகிறேன். ஓட்டிக் காட்டுவதில் பயமில்லை, எழுத்துத் தேர்வை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்ன படிப்பது, எப்படிப் படிப்பது? ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்வது? பின்னால் சிங்கப்பூர் போகும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் சாவி எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். 18 வயது முடிந்து, பயிற்சி பெற்று, முதலாளி அனுமதித்தவர் மட்டுமே அந்த இருக்கையில் உட்காரலாம். எழுத்துத் தேர்வில் அநேகமாக முதல் பக்கத்திலேயே இந்தக் கேள்வி வரும். ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்கு அடிபடுவதோடு முடியாது, சாவியை வண்டியிலேயே விட்டுப் போன அந்த அண்ணனின் வேலையும் போகும். பயிற்சிக்கு முன்பே கை பழகியவர்களிடம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபோர்க்கை, அதாவது சரக்கைத் தாங்கும் இரண்டு இரும்புக் கரங்களை, இடுப்பு உயரத்தில் வைத்துக்கொண்டே ஓட்டுவது, திரும்பிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பது, பெல்ட் போடாமல் உட்காருவது எல்லாம் அவர்களுக்கு வழக்கமாகிவிடும். ஓட்டிக் காட்டும் தேர்வில் மதிப்பெண் பறிபோவது அங்கேதான். அதனால் பயமில்லை என்று சொல்கிற பகுதியிலும் கொஞ்சம் கவனம் வையுங்கள்.

சரி, எழுத்துத் தேர்வுக்கு வருவோம். பாடப் புத்தகத்தைப் பார்த்தால் நூறு விதி இருப்பது போலத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவைதான்: இப்போது எடை எங்கே இருக்கிறது? ஒவ்வொரு விதியையும் இந்தக் கேள்வியோடு படித்தால் பாதிக்கு மேல் மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

உங்கள் ஆலையில் ஓடுவது போன்ற, உட்கார்ந்து ஓட்டும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் இருக்கும் சீசா பலகைதான் இது. முன் சக்கரத்தின் அச்சு நடுவில் இருக்கும் தாங்கி, ஒரு பக்கம் ஃபோர்க்கில் சரக்கு, மறுபக்கம் வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் கவுண்டர்வெயிட். சரக்கின் எடை கூடினாலும், சரக்கு மாஸ்டை (ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டத்தை) விட்டு முன்னே தள்ளிப் போனாலும் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். பின் சக்கரம்தான் இந்த வண்டியில் திரும்பும் சக்கரம். அது எழும்பிவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை.

இப்போது வண்டியில் அடித்திருக்கும் டேட்டா பிளேட்டைப் பாருங்கள். 2500 கிலோ, 500 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 2500 கிலோ தூக்கும் என்பதை எல்லோரும் படிக்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் 500-ஐ விட்டுவிடுகிறார்கள். அதுதான் லோடு சென்டர்: ஃபோர்க் நிமிர்ந்து நிற்கும் முகப்பிலிருந்து சரக்கின் எடை மையம் வரை உள்ள தூரம். ஒரு மீட்டர் ஆழமுள்ள பேலட்டில் (சரக்கை அடுக்கும் பலகைத் தட்டில்) மூட்டைகளைச் சீராக அடுக்கி, ஃபோர்க்கை முட்டும்வரை உள்ளே விட்டால் எடை மையம் சரியாக 500-ல் வரும். பேலட் 1.2 மீட்டர் என்றால் 600-க்குப் போய்விடும். அப்போது தூக்கக்கூடிய எடை ஏறக்குறைய 2500 × 500 ÷ 600, அதாவது 2083 கிலோ. சரக்கு மாறவில்லை, வண்டி மாறவில்லை, ஆனாலும் நானூறு கிலோவுக்கு மேல் காணாமல் போய்விட்டது. தேர்வுத் தாளில் கேட்கும் கணக்குக்கு இந்த வழி போதும். வேலையில் இதை நம்பித் தூக்கக் கூடாது. மாஸ்ட் உயர உயரவும் தாங்கும் எடை குறையும் என்பதால், எந்தத் தூரத்துக்கு, எந்த உயரத்துக்கு எவ்வளவு என்று பிளேட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

நம் ஊர்ச் சரக்குகளை வைத்தே இதைப் பழகலாம். ஆத்தங்குடிக் கல் அடுக்கிய பேலட் பார்க்கச் சிறியதாக இருக்கும், எடையோ பேயெடை. எடை மையம் மாஸ்டுக்கு நெருக்கமாக இருந்தாலும் மொத்த எடையைக் கணக்குப் பார்த்தே தூக்க வேண்டும். தவிட்டு மூட்டை அடுக்கு லேசானது, ஆனால் பெரியது. அது பார்வையை மறைக்கும். அப்படி மறைத்தால் சமதளத்தில் ரிவர்ஸில்தான் போக வேண்டும். காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த தேக்குத் தூண்களை ஏற்றி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூணைக் குறுக்கே வைத்துத் தூக்கினால் இரண்டு முனையும் வண்டியை விட்டு வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி கொஞ்சம் திரும்பினாலே முனை பெரிய வட்டம் போடும். ஃபோர்க் இரண்டையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாக விரித்து, எடையின் நடுவைப் பார்த்து எடுக்க வேண்டும். நூற்பாலைகளில் 170 கிலோ பஞ்சுப் பொதியைப் பிடித்துத் தூக்க கிளாம்ப் மாட்டுவார்கள். கிளாம்ப் மாட்டியதும் வண்டி தாங்கும் எடை குறைந்துவிடும், அதற்கென்று தனி பிளேட் இருக்க வேண்டும். இதைத் தேர்வில் விரும்பிக் கேட்பார்கள்.

அடுத்தது, எல்லோரும் குழம்பும் ஸ்டெபிலிட்டி முக்கோணம். வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது மூன்று புள்ளிகளில்தான். முன் சக்கரங்கள் இரண்டு, மூன்றாவது பின் அச்சின் நடுவில் இருக்கும் பிவட். பின் அச்சு அந்தப் பிவட்டில் மேலும் கீழும் ஆடுவதால் பின் சக்கரங்களைத் தனித்தனிப் புள்ளியாகக் கணக்கில் எடுப்பதில்லை. வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும், கோட்டைத் தாண்டினால் சாயும். சரக்கோடு இருந்தால் எடை மையம் முன்பக்கம் வரும், அங்கே முக்கோணம் அகலம். வெறும் வண்டி என்றால் எடை மையம் பின்னால் போகும், அங்கே முக்கோணம் குறுகல். சரக்கில்லாத வண்டியை வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் கவிழ்வது இதனால்தான். “சரக்கு இல்லாத வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பலாமா?” என்று கேட்டால் பழகிய ஆட்களே ஆம் என்று டிக் அடித்துவிட்டு வருகிறார்கள். முக்கோணத்தை ஒரு தாளில் நீங்களே வரைந்து, சரக்கோடும் சரக்கில்லாமலும் எடை எங்கே என்று புள்ளி வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியில் தவற மாட்டீர்கள்.

சாய்தளமும் அப்படியே. சரக்கோடு ஏறும்போது முன்பக்கமாக ஏறு, இறங்கும்போது ரிவர்ஸில் இறங்கு. சரக்கில்லாமல் என்றால் தலைகீழ். நான்கு விதிகளாகப் படித்தால் தேர்வு அறையில் கண்டிப்பாக மாறிப்போகும். கனமான பக்கம் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சரக்கு இருந்தால் கனம் முன்னால், அதனால் சரக்கு மேட்டைப் பார்க்கட்டும். சரக்கு இல்லாவிட்டால் கனம் பின்னால் கவுண்டர்வெயிட்டில், அதனால் அது மேட்டைப் பார்க்கட்டும், ஃபோர்க் பள்ளத்தைப் பார்க்கட்டும். சாய்தளத்தில் வண்டியைத் திருப்பவே கூடாது. ஏறும்போது சரக்கு கண்ணை மறைத்தால், பக்கத்தில் ஒருவரை நிறுத்தி அவர் சைகையைப் பார்த்து ஏற வேண்டும்.

வண்டி கவிழும்போது என்ன செய்வது என்ற கேள்வி தவறாமல் வரும். குதிக்கக் கூடாது. உடம்பு தானாகக் குதிக்கத்தான் பார்க்கும், உயிர் போவதும் அதில்தான். வண்டி சாயும் பக்கமே ஆள் விழுவார், தலைக்கு மேலே இருக்கும் பாதுகாப்புக் கூண்டின் கம்பி அவர் மேலேயே வந்து விழும். பெல்ட்டோடு உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலைத் தரைத்தகட்டில் ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். இதை விடையாக எழுதினால் மட்டும் போதாது. வண்டியில் ஏறும்போதெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தினமும் காலையில் செய்யும் சோதனைக்குத் தனி மதிப்பெண் உண்டு. டயர், பிரேக், ஹார்ன், விளக்கு, எண்ணெய்க் கசிவு என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஃபோர்க்கின் குதிகால், அதாவது நிமிர்ந்த பகுதி வளைந்து தட்டையாகும் இடத்தை எழுதுகிறவர்கள் குறைவு. தரையில் உரசி உரசித் தேய்வதும், விரிசல் விடுவதும் அந்த இடத்தில்தான். பத்து சதவீதம் தேய்ந்தால் ஃபோர்க்கை மாற்ற வேண்டும். 40 மில்லிமீட்டர் கனமாக இருந்தது 36-க்கு வந்துவிட்டால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் தாங்கும் வலு சுமார் இருபது சதவீதம் குறைந்திருக்கும். தூக்கும் செயின் மூன்று சதவீதம் நீண்டால் அதையும் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸில் (அழுத்த எண்ணெய் ஓடும் குழாயில்) கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆலையில் டீசல் வண்டி என்பதால் பேட்டரி வண்டிப் பாடத்தைத் தள்ளிவிடாதீர்கள். மூடிய குடோன்களில் புகை இல்லாத பேட்டரி வண்டிதான் அதிகம் ஓடுகிறது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் என்பதால் அங்கே காற்றோட்டம் வேண்டும், பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. ஈய அமில பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். 1953 முதல் மின்வேதியியல் ஆய்வு நடக்கும் சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பையன் பேட்டரிக் கேள்வியில் மதிப்பெண் விட்டால் எனக்கு மனசு கேட்காது.

மற்றதெல்லாம் சிறு விதிகள். ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் அளவில், மாஸ்ட் பின்னே சாய்ந்து இருக்க வேண்டும். முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று வண்டி நீளம் இடைவெளி. லாரிக்குள் ஏறுமுன் லாரியின் ஹேண்ட் பிரேக்கும், சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையும் சரியா என்று பார்க்க வேண்டும். நிறுத்தினால் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுக்க வேண்டும். ஃபோர்க் மேல் ஆளை ஏற்றி அடுக்கிலிருந்து மூட்டை இறக்குவது அரிசி ஆலைகளில் நடக்கிறது. “குறைந்த உயரம் என்றால் ஏற்றலாமா?” என்று கேட்டால் கூடாது என்பதே விடை. அதற்கென்று செய்த கூண்டு பூட்டியிருந்தால் மட்டும்தான், அதுவும் அனுமதியோடு.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். இந்த வாரமே பயிற்சி மையத்துக்குப் போன் செய்து வினாத்தாள் தமிழில் உண்டா, இல்லையென்றால் கேள்வியை வாசித்துச் சொல்வார்களா என்று கேளுங்கள். ஆங்கிலம்தான் என்றாலும் கலங்க வேண்டாம். கேபாசிட்டி (தாங்கும் எடை), லோடு சென்டர், மாஸ்ட், டில்ட் (சாய்த்தல்), ரேம்ப் (சாய்தளம்), பெடஸ்ட்ரியன் (நடந்து போகிறவர்), ஓவர்ஹெட் கார்டு (தலைக்கு மேலே இருக்கும் கூண்டு), பார்க்கிங் பிரேக் என்று திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான். அவற்றைக் காதால் கேட்டால் உங்களுக்குத் தெரியும், எழுத்தில் பார்த்தாலும் தெரிய வேண்டும். ஒரு நோட்டில் இந்தப் பக்கம் ஆங்கிலத்திலும் அந்தப் பக்கம் தமிழிலும் எழுதி வையுங்கள். கேள்வியில் ‘நாட்’ (இல்லை), ‘எக்செப்ட்’ (தவிர), ‘நெவர்’ (ஒருபோதும் கூடாது) வந்தால் அடிக்கோடு போட்டுவிட்டு விடையைத் தேடுங்கள். விஷயம் தெரிந்தவர்களே அந்தச் சொற்களைக் கவனிக்காமல் தலைகீழாக டிக் அடிக்கிறார்கள்.

படிக்க உட்காருமுன் ஆலை மேலாளரிடம் அனுமதி கேட்டு, எஞ்சின் அணைந்திருக்கும்போது உங்கள் வண்டியின் டேட்டா பிளேட்டை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பேலட்டின் ஆழத்தை அளந்து, 25 கிலோ மூட்டை எத்தனை அடுக்குகிறார்கள் என்று எண்ணி, பேலட்டின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எண்பது மூட்டை என்றாலே 2000 கிலோ ஆகிவிடும். மேலே சொன்ன 2083-க்கு அது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். இரவில் படித்த பாடத்தை வீட்டில் யாருக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ஏன் அப்படி?’ என்று அம்மாவோ தம்பியோ கேட்டு உங்களால் காரணம் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் மையத்தில் ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் இருக்கையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், தேர்வு வைப்பவர் பயிற்சி கொடுத்தவரேயா, வெளியாளா என்று கேளுங்கள். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் போன்ற அமைப்பின் சான்றா, மையமே அச்சடித்துக் கொடுக்கும் தாளா என்பதையும் கேளுங்கள். ஒரே நாளில் சான்றிதழ் தருகிறோம் என்கிற இடத்துக்குப் போகாதீர்கள். அங்கே தாள் கிடைக்கும், கை பழகாது.

சிங்கப்பூர் விஷயத்தில் தெளிவாக இருங்கள். இங்கே வாங்கிய சான்றை வைத்துக்கொண்டு அங்கே நேராக வண்டியில் ஏற முடியாது. அங்கே டபிள்யூ.எஸ்.க்யூ. என்ற சிங்கப்பூரின் தொழில்திறன் சான்று முறையில் ‘ஆபரேட் ஃபோர்க்லிஃப்ட்’ என்ற பயிற்சியை முடிக்க வேண்டும். வளைகுடாவிலும் பல நிறுவனங்கள் தனியாகச் சோதித்துத்தான் வண்டியைக் கொடுக்கின்றன. பாடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பதால் இங்கே நன்றாகப் படித்தது அங்கே கைகொடுக்கும். ‘இந்தச் சான்று இருந்தால் நேரே ஆபரேட்டர் வேலை’ என்று முகவர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முகவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். வேலை ஒப்பந்தத்தில் ஹெல்பர் என்று போட்டிருக்கிறதா, ஆபரேட்டர் என்று போட்டிருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.