எம் 105-ல எக்ஸ்ரே புள்ளி எண்ணுறது: கேள்வி பதில்

முட்டை வடிவ எலிப்டிகல் கேலக்ஸில எக்ஸ்ரே சோர்ஸ் சர்வே, அதாவது எக்ஸ்ரேல புள்ளியா ஒளிர்றதைத் தேடி எண்ணுறது, அது பத்தி என்ன வேணா கேளுங்க. பேச வசதியா சிம்ம ராசிப் பக்கம் இருக்கற எம் 105 கேலக்ஸியை எடுத்துக்கறேன், என்ஜிசி 3379னும் சொல்வாங்க, தூரம் சுமார் 3.5 கோடி ஒளியாண்டு.

கேள்வி: அக்கா, எலிப்டிகல்ல புது நட்சத்திரமே பெருசா பிறக்கறதில்லையே, அப்புறம் எக்ஸ்ரே எங்கிருந்து?

பதில்: பெரிய நட்சத்திரமெல்லாம் எப்பவோ செத்தாச்சு, ஆனா அதோட மிச்சம், நியூட்ரான் ஸ்டாரும் கருந்துளையும், அங்கயேதான் இருக்கு. அதுல ஒண்ணுக்கு சூரியன் அளவோ அதுக்கும் சின்னதாவோ ஒரு ஜோடி இருந்தா அதோட வாயுவை உறிஞ்சும், அது சுத்திச் சுத்தி உள்ள விழும்போது கோடி டிகிரிக்கு சூடாகி எக்ஸ்ரேயா கொட்டும். இதைத்தான் எல்எம்எக்ஸ்பினு (லோ மாஸ் எக்ஸ்ரே பைனரி) சொல்றோம். பெரிய எலிப்டிகல்கள்ல சூடான வாயுவே பளபளன்னு இருந்து புள்ளிகளை மறைச்சிடும், எம் 105-ல அந்த வாயு ரொம்பக் கம்மி, சர்வேக்கு அதான் வசதி.

கேள்வி: நம்ம இந்திய ஆஸ்ட்ரோசாட் சாட்டிலைட்ல பார்க்க முடியாதா மேடம்?

பதில்: இந்த வேலைக்கு ஆகாதுங்க. அதோட எக்ஸ்ரே டெலஸ்கோப் பிரிச்சுக் காட்டுறது ரெண்டு ஆர்க்மினிட் (ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்குதான் ஆர்க்மினிட்) அளவுக்கு, இந்த கேலக்ஸியே மொத்தம் அஞ்சு ஆர்க்மினிட் சொச்சம்தான். 1999-ல போன நாசாவோட சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் அரை ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்ல அறுபதுல ஒண்ணு ஆர்க்செகண்ட்) வரைக்கும் பிரிக்கும். (நம்ம பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சந்திரசேகர் பேருதான் அது.)

கேள்வி: மொத்தம் எத்தனை கிடைச்சுது?

பதில்: சந்திராவால 2001-லேர்ந்து 2007 வரைக்கும் அஞ்சு தடவை பார்த்து, மொத்தம் 3,24,000 விநாடி, 132 புள்ளி. அதுல கேலக்ஸியோட எல்லைக்குள்ள 98. ஒரே தடவையா பார்க்காம பிரிச்சுப் பார்த்ததுக்குக் காரணம், இதுங்க நிலையா எரியறதில்ல, போன தடவை இருந்தது இந்தத் தடவை காணாமப் போயிருக்கும்.

கேள்வி: 132-ம் அந்த கேலக்ஸியோடதுதான்னு எப்படி நம்பறது?

பதில்: நம்பக்கூடாது! சர்வேல பாதி உழைப்பு இங்கதான், பலர் இதை ஒரு வரில தாண்டிடறாங்க. பின்னாடி ரொம்பத் தூரத்துல இருக்கற குவாசாரும் (வாயுவை விழுங்கற ராட்சசக் கருந்துளை இருக்கற கேலக்ஸி மையம்) அச்சு அசலா இதே மாதிரி ஒரு புள்ளியாத்தான் தெரியும், மங்கலான சோர்ஸ்ல மொத்தமே பத்து இருபது ஃபோட்டான் இருக்கும், அதை வெச்சு நிறம் பார்த்துப் பிரிக்கறதும் கஷ்டம். அதனால வெறும் வானத்தை ஆழமா பார்த்த சர்வேலேர்ந்து இவ்வளவு பரப்புக்கு இத்தனை குவாசார் வரும்னு கணக்குப் போட்டுக் கழிப்போம். எது குவாசார்னு தெரியாது, எத்தனைன்னு தெரியும். ஓரத்துக்குப் போகப் போக சந்தேகம் ஜாஸ்தி. அப்புறம் ஹபிள் படத்தை மேல வெச்சு குளோபுலர் கிளஸ்டரோட (பழைய நட்சத்திரங்கள் உருண்டையா நெருங்கி இருக்கற கூட்டம்) பொருந்துதான்னு பார்ப்போம், தற்செயலா எத்தனை பொருந்தும்னு தெரிஞ்சுக்க ஒரு படத்தைச் சில ஆர்க்செகண்ட் வேணும்னே நகர்த்தி மறுபடி எண்ணணும். இதைச் செய்யாத லிஸ்ட்டை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: எது கருந்துளைன்னு சொல்ல முடியுமா?

பதில்: பிரகாசத்தை வெச்சு மட்டும் சொல்றது ரிஸ்க். நியூட்ரான் ஸ்டார் விநாடிக்கு 2×10^38 எர்க் (ஆற்றலோட ஒரு அலகு) பக்கம் வந்தா அதோட கதிர்வீச்சே வாயுவைத் தள்ள ஆரம்பிச்சிடும். அதைத் தாண்டினா கருந்துளையா இருக்கலாம், ஆனா ஒரே கிளஸ்டர்ல பல நியூட்ரான் ஸ்டார் சேர்ந்தும் அப்படித் தெரியலாமே. எம் 49ங்கற இன்னொரு எலிப்டிகல்ல ஒரு கிளஸ்டர் சோர்ஸ் 4×10^39 இருந்துச்சு, சில மணி நேரத்துல ஏழு மடங்கு மாறிச்சு, பல சோர்ஸ் சேர்ந்து ஒண்ணா அப்படி மங்காது, அதனால 2007-ல கருந்துளைன்னு துணிஞ்சு எழுதினாங்க.

கேள்வி: நான் எம்எஸ்சி படிக்கறேன் அக்கா, நானே செஞ்சு பார்க்கலாமா?

பதில்: தாராளமா. சந்திரா ஆர்க்கைவ்ல டேட்டா இலவசம், அந்த டேட்டாவை அலசுற சியாவோ சாஃப்ட்வேரும் இலவசம், லினக்ஸ் இல்லன்னா மேக் போதும். அதுல சோர்ஸ் தேடுற வேவ்டிடெக்ட் ஓட்டும்போது த்ரெஷோல்டை, அதாவது ஒரு பிக்சல்ல தப்பாப் புள்ளின்னு சொல்ற வாய்ப்பை, 10 லட்சத்துல ஒண்ணுன்னு வை, சிப்ல 1024-க்கு 1024 பிக்சல், அப்போ சுமாரா ஒரு பொய்ப் புள்ளி வரும், அதைத் தாங்கிக்கலாம். தாராளமா வெச்சுட்டு 300 சோர்ஸ் கண்டுபிடிச்சேன்னு மட்டும் வந்துடாத.